நேரம் காட்டுபவன்

இந்த வாரம் என் முறை.
முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து
மூன்று அட்டைகளைத் தூக்கிக் காட்டும் வேலை.
பச்சை என்றால் இரண்டு நிமிடம் மிச்சம்.
மஞ்சள் என்றால் ஒன்று.
சிவப்புக்கு விளக்கம் தேவையில்லை.

பகலில் நான் துலூத் துறைமுகத்தில்
இரும்புத்தாது ஏற்றுகிறவன்.
அங்கே கையைத் தூக்கினால்
ஓடுகிற கன்வேயர் அப்படியே நிற்கும்.
இங்கே தூக்கினால்
பத்தொன்பது வயதுப் பையன்
வாக்கியத்தின் நடுவில் எச்சில் விழுங்குகிறான்.
மேற்பார்வையாளர் ஆவதற்கு
மேடைப்பேச்சு கட்டாயப் பாடமாம்.
நாற்பத்து மூன்று வயதில் வந்து சேர்ந்தேன்.

முதல் குழு தேனீக்களைப் பற்றிப் பேசியது.
பனிக்காலத்தில் அவை உருண்டையாகத் திரண்டு,
உள்ளே இருப்பது வெளியே வர,
வெளியே இருப்பது உள்ளே போக,
முறை வைத்துக் குளிர் தாங்குமாம்.
சொன்ன நால்வரும் அப்படி நிற்கவில்லை.
ஆஸ்ட்ரிட் மட்டும் பேசிக்கொண்டே இருந்தாள்;
மற்ற மூவரும் ஓரத்தில் விறைத்தார்கள்.

அடுத்தது ஏரிப் பனிக்கட்டி.
நான்கு அங்குலம் இருந்தால் நடக்கலாம் என்றான் டீமு,
திரையைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டி.
அவன் குரல்
இரண்டு அங்குலம்கூட இல்லை.

மூன்றாவது குழு
ஒன்பதாம் எண் பேருந்தை நிறுத்தக் கூடாது என்று
எங்களை இணங்க வைக்க வந்தது.
பலகையில் நான்கு பெயர், மேடையில் மூன்று பேர்.
"பா ஞியா இன்னும் வரவில்லை, பேருந்து தாமதம் போல"
என்று ஹோதன் சொன்னதும் வகுப்பே சிரித்தது.
அதைவிட நல்ல தொடக்கம்
அன்றைக்கு யாருக்கும் வாய்க்கவில்லை.

நான் சிரிக்கவில்லை.
என் இடத்திலிருந்து கதவு தெரியும்.
கதவில் கம்பிவலை பதித்த கண்ணாடி,
ஒரு முகம் கொள்ளும் அளவுக்கு.
அந்த முகம் பா ஞியாவுடையது.
கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தாள்.
கோட்டில் பனி இல்லை.
வந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

அவள் பகுதியைக் கார்வின் படித்தான்.
இரவுப் பணி முடிந்து திரும்பும் செவிலியர் எத்தனை பேர்,
மேட்டுத் தெருவில் எத்தனை படிகள்,
எல்லாம் மளிகைப் பட்டியல்போல.
கண்ணாடிக்குப் பின்னால் அவள் உதடுகள் அசைந்தன.
அவன் இடறிய இடத்தில் அவள் இடறவில்லை.
அவன் விழுங்கிய இடத்தில்
நிறுத்தினாள், மூச்சு விட்டாள்,
ஒரு கையைக்கூட உயர்த்தினாள்,
திருமதி ஹல்வர்சன் சொல்லித் தந்தபடி
இடுப்புக்கு மேலே, தோளுக்குக் கீழே.

பச்சையைத் தூக்கினேன்.
கார்வின் பார்த்தான். அவளும் பார்த்தாள்.
இருவருமே வேகத்தைக் கூட்டினார்கள்.

மஞ்சள்.

கடைசி வரி அவனுக்கு முன்பே
அவளுக்கு வந்துவிட்டது.
முடித்தாள். கைதட்டல் எழுமுன்
முகத்தைக் கண்ணாடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.
சிவப்பைத் தூக்க மறந்துபோனேன்.
பதினெட்டு விநாடி அதிகம் என்று
ஹோதன் என்னை முறைத்தாள்.

மதிப்பீட்டுத் தாளில் ஒரு கேள்வி:
குழுவில் எல்லோரும் பேசினார்களா?
ஆம், இல்லை. இரண்டே கட்டம்.
வெளியே ஏதோ கப்பல்
ஒரு நெடில், இரண்டு குறில் ஊதியது.
தூக்குப்பாலம் அதையே திருப்பி ஊதியது.
அந்தப் பாலத்துக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.
ஆம் என்று பென்சிலால் குறித்தேன்.
அழித்தேன்.
மறுபடி குறித்தேன்.

அடுத்த வாரம் என் குழு.
தலைப்பு, துறைமுகக் கைச்சைகைகள்.
என் பங்கு ஒன்றரை நிமிடம்.
பேசாமல் செய்து மட்டும் காட்டலாமா என்று கேட்டேன்.
கூடாதாம்.

ஒன்பதாம் எண் பேருந்து
சரியான நேரத்துக்கு வந்தது.
எனக்கு இரண்டு இருக்கை முன்னால் அவள்,
மடியில் குறிப்பட்டைகள், ரப்பர் வளையம் போட்டு.
நன்றாகப் பேசினாய் என்று சொல்லத்தான் எழுந்தேன்.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
ஓட்டுநரும் கண்ணாடியில் பார்த்தார்,
இறங்கப்போகிறேன் என்று நினைத்து வண்டியை நிறுத்தினார்.

என் நிறுத்தம் அது இல்லை.
இறங்கிவிட்டேன்.